100 வாட்டில் ஒலிக்கும் ஜாஸ்: ஒரு சின்ன வானொலி எப்படி நடக்கிறது?

எல்.இ.டி. வருவதற்கு முன்னால் நம் வீட்டு வாசலில் எரிந்த குண்டு பல்பு நினைவிருக்கிறதா? அதில் பெரியது 100 வாட். அதே 100 வாட் சக்தியை ஆண்டெனா வழியாக வானத்தில் விட்டு, ஒரு ஊருக்கே ஜாஸ் இசை கேட்க வைக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சாக்ரமென்டோ நகருக்குப் பக்கத்தில் டேவிஸ் என்று ஓர் ஊர். பல்கலைக்கழக ஊர், சைக்கிள் ஊர். மக்கள்தொகை சுமார் 65 ஆயிரம். அங்கே 2004 செப்டம்பரில் தொடங்கிய வானொலி கே.டி.ஆர்.டி. இப்போது அதன் அலைவரிசை 95.7. டேவிஸ் மீடியா ஆக்ஸஸ் என்ற உள்ளூர்த் தொண்டு நிறுவனம் அதை நடத்துகிறது. நிகழ்ச்சி செய்கிறவர்கள் சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள். நாட்டுப்புறப் பாட்டு, ஊர்ப் பேச்சு, உள்ளூர் இசைக்குழு என்று பலதும் உண்டு. அதில் ஒன்று, ஜாஸ் ஆஃப்டர் டார்க். பெயரே சொல்கிறது, இருட்டிய பிறகு ஜாஸ்.

இதில் என்ன அதிசயம், ஜாஸ் பிறந்த நாடுதானே என்று தோன்றும். விஷயமே அங்கேதான் இருக்கிறது. பிறந்த வீட்டில்தான் ஜாஸுக்கு இடம் குறைவு. அந்த நாட்டில் மக்கள் கேட்கும், வாங்கும் இசையில் ஜாஸின் பங்கு நூற்றுக்கு ஒன்றோ ஒன்றரையோதான். விளம்பரத்தை நம்பி நடக்கும் எஃப்.எம். நிலையத்துக்கு இந்தக் கணக்கு கட்டுப்படி ஆகாது.

நீளமும் ஒரு சிக்கல். மைல்ஸ் டேவிஸின் சோ வாட் 9 நிமிடம். ஜான் கோல்ட்ரேனின் எ லவ் சுப்ரீம் நான்கு பகுதிகளாக அரை மணி நேரத்தைத் தாண்டும். மூணு நிமிடப் பாட்டு, நடுவில் நகைக்கடை விளம்பரம் என்று ஓடும் நிலையத்தில் இதை எங்கே வைப்பது? நம் கச்சேரியில் ஆலாபனை, கல்பனாஸ்வரம், தனி ஆவர்த்தனம் எல்லாம் வெட்டிவிட்டுப் பல்லவியை மட்டும் போட்டால் எப்படி இருக்கும்? ஜாஸும் அப்படித்தான். முதலில் ஒரு மெட்டு. பிறகு சாக்ஸபோன், பியானோ, டிரம்ஸ் என்று ஒவ்வொருவரும் அந்த மெட்டைப் பிடித்துக்கொண்டு அந்தந்த நேரத்தில் மனதில் தோன்றுவதை வாசிப்பார்கள். வெட்டினால் மிச்சம் ஒன்றும் இல்லை.

இதைக் கேட்க நேரமும், யார் வாசித்தது, எந்த ஆண்டு, கூட வாசித்தவர் யார் என்று எடுத்துச் சொல்ல ஓர் ஆளும் வேண்டும். இரண்டையும் லாபக் கணக்கு பார்க்காமல் கொடுக்கக்கூடிய இடம், இந்தச் சின்ன வானொலிதான்.

100 வாட் எவ்வளவு தூரம் போகும்?

அமெரிக்காவில் இந்த வகை நிலையங்களுக்கு எல்.பி.எஃப்.எம்., அதாவது குறைந்த சக்தி எஃப்.எம். என்று பெயர். 100 வாட், ஆண்டெனா சுற்றியுள்ள நிலத்தைவிட 30 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், சுமார் 5.6 கிலோமீட்டர் வரை தெளிவாகக் கேட்கும். அதாவது நிலையத்தைச் சுற்றி 100 சதுர கிலோமீட்டர் அளவுக்கு ஒரு வட்டம். அதற்கு வெளியேயும் காதில் விழும், ஆனால் இரைச்சலோடு.

சக்தியை ஏற்றினால் தூரம் கூடாதா? கூடும், ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. தூரம் இரண்டு மடங்காக, சக்தி குறைந்தது நான்கு மடங்காக வேண்டும். பெரிய வணிக நிலையங்கள் 50,000 வாட்டில் ஒலிபரப்புகின்றன. அது 500 மடங்கு சக்தி. தூரம் 500 மடங்கு ஆகிவிடுவதில்லை. தவிர, எஃப்.எம். அலை பெரும்பாலும் நேர்க்கோட்டில் போகும். பூமியின் வளைவுக்குப் பின்னால், மலைக்குப் பின்னால் அது போய்ச் சேர்வது கஷ்டம். அதனால் வாட்டைவிட ஆண்டெனாவின் உயரம்தான் பல நேரங்களில் வேலை செய்கிறது. ஊரில் உயரமான கட்டடத்தின் மொட்டை மாடி கிடைத்தால் சின்ன நிலையத்துக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

தூரம் குறைவாக இருப்பதில் ஒரு லாபமும் உண்டு. ஒரே அலைவரிசையைப் பல ஊர்களுக்குக் கொடுக்கலாம். நம் பக்கத்திலேயே பாருங்கள். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 90.4. பாம்பனில் மீனவர்களுக்காக நடக்கும் கடல் ஓசையும் 90.4. ஒன்றை ஒன்று தொடுவதே இல்லை.

இடம் கொடுக்க மறுத்த கதை

அமெரிக்காவில் இந்த 100 வாட் சும்மா கிடைத்துவிடவில்லை. முன்பு அங்கே 10 வாட்டில் கல்லூரிகளும் சிறு அமைப்புகளும் வானொலி நடத்தி வந்தன. எஃப்.சி.சி. எனப்படும் அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் 1978-இல் அந்த வகைப் புது உரிமங்களை நிறுத்தியது. அலைவரிசை குறைவு, பெரிய நிலையங்களுக்கு இடம் வேண்டும் என்பது காரணம். விளைவு என்ன? உரிமம் இல்லாமலேயே பலர் ஒலிபரப்ப ஆரம்பித்தார்கள். பெட்டியைப் பறிமுதல் செய்தால் அடுத்த தெருவில் இன்னொரு பெட்டி முளைத்தது.

கடைசியில், 2000 ஜனவரியில், வில்லியம் கென்னார்டு தலைவராக இருந்தபோது, எஃப்.சி.சி. 100 வாட் உரிமத்தைக் கொண்டுவந்தது. லாப நோக்கம் இல்லாத உள்ளூர் அமைப்புகளுக்கு மட்டும். உடனே பெரிய நிலையங்களின் சங்கம் எதிர்த்தது. சின்ன நிலையங்கள் வந்தால் எங்கள் ஒலியில் இரைச்சல் கலந்துவிடும் என்று சொல்லி, அந்த இரைச்சல் எப்படி இருக்கும் என்று ஒரு சி.டி. தயாரித்து நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கொடுத்தார்கள். அந்த சி.டி. நடப்பில் உள்ளதைக் காட்டவில்லை என்று எஃப்.சி.சி. பொறியாளர்கள் மறுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், பொதுமக்கள் நன்கொடையில் நடக்கும் என்.பி.ஆர். வானொலியும் அப்போது பெரியவர்கள் பக்கம்தான் நின்றது.

சண்டை எதைப் பற்றி என்று கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம். அங்கே எஃப்.எம். அலைவரிசைகள் 0.2 இடைவெளியில் வரிசையாக நிற்கின்றன. 95.7 நம் இருக்கை என்றால், பக்கத்து இருக்கை 95.9. அதற்கு அடுத்தது 96.1. மூன்றாவது 96.3. பக்கத்து இருக்கையிலும் அடுத்த இருக்கையிலும் பெரிய நிலையம் உட்கார்ந்திருந்தால் சிக்கல் வரலாம், சரி. மூன்றாவது இருக்கையில் இருப்பவருக்கு 100 வாட்டால் என்ன தொந்தரவு வந்துவிடும்? எதுவும் வராது என்றார்கள் பொறியாளர்கள். வரும் என்றது சங்கம். 2000 டிசம்பரில் நாடாளுமன்றம் சங்கத்தின் பக்கம் சாய்ந்து, மூன்றாவது இருக்கையும் காலியாக இருந்தால்தான் உரிமம் என்று சட்டம் போட்டது.

நெரிசலான பெருநகரத்தில் மூன்று பக்கத்து இருக்கைகளும் காலியாக எங்கே இருக்கும்? அந்த ஒரே நிபந்தனையால் பெரிய நகரங்களில் சின்ன வானொலிக்குக் கதவு அடைத்துவிட்டது. ஜாஸ் வாசிப்பவர்களும் கேட்பவர்களும் அதிகம் இருப்பது நகரங்களில். உரிமம் கிடைத்ததோ டேவிஸ் போன்ற சிற்றூர்களுக்கு.

அதே சட்டம் ஓர் ஆய்வுக்கும் உத்தரவிட்டிருந்தது. மைட்டர் என்ற நிறுவனம், 20 லட்சம் டாலருக்கு மேல் செலவில், அளந்து பார்த்தது. 2003-இல் வந்த அறிக்கை, மூன்றாவது இருக்கையால் சொல்லும்படியான இடையூறு இல்லை என்றது. அப்படியும் சட்டத்தைத் திருத்த மேலும் ஏழெட்டு வருஷம் ஆயிற்று. 2011 ஜனவரி 4 அன்று ஒபாமா கையெழுத்திட்ட உள்ளூர் சமுதாய வானொலிச் சட்டம்தான் அந்தத் தடையை நீக்கியது. அடுத்து 2013-இல் விண்ணப்பம் வாங்கியபோது 2,800-க்கும் மேற்பட்டவை குவிந்தன. இன்று அந்த நாட்டில் சுமார் 2,000 நிலையங்கள் இந்த வகையில் இருக்கின்றன.

உரிமம் கையில் வந்த பிறகும் நிம்மதி இல்லை. சட்டப்படி இவர்கள் இரண்டாம் நிலை உரிமதாரர்கள். முழு சக்தி நிலையம் ஒன்று இடம் மாறி அருகில் வந்தால், சின்ன நிலையம்தான் நகர வேண்டும். டேவிஸில் அதுதான் நடந்தது. கே.டி.ஆர்.டி. முதலில் இருந்தது 101.5-இல். வணிக நிலையம் ஒன்று தன் உரிம இடத்தை அந்தப் பக்கம் நகர்த்தியது. நான்கு வருஷமாக ஊர் பழகிய அலைவரிசையை விட்டுவிட்டு, இந்தச் சின்ன நிலையம் 95.7-க்குக் குடிபெயர வேண்டியதாயிற்று. நல்லவேளை, குடிபெயர ஓர் இடம் இருந்தது. பெருநகரமாக இருந்திருந்தால் நிலையத்தையே மூடியிருக்க வேண்டியதுதான்.

பாட்டுக்குக் காசு யாருக்குப் போகிறது?

வானொலியில் பாட்டு போட்டால் உரிமைத் தொகை கட்ட வேண்டும். லாப நோக்கமற்ற சின்ன நிலையத்துக்கும் இது உண்டு, தொகை குறைவு. ஆனால் அமெரிக்கச் சட்டத்தில் ஒரு விநோதம் இருக்கிறது. எஃப்.எம். ஒலிபரப்புக்கான தொகை பாட்டை இயற்றியவர் தரப்புக்கு மட்டும் போகும். வாசித்தவருக்குக் கிடையாது.

ஜாஸில் இது பெரிய விஷயம். கோல்ட்ரேனின் புகழ்பெற்ற மை ஃபேவரிட் திங்ஸ் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்டு ரிச்சர்ட் ராட்ஜர்ஸுடையது, ஒரு மேடை நாடகத்துக்காகப் போட்டது. கோல்ட்ரேன் அதைப் பிரித்து மேய்ந்து, பதிமூன்று நிமிடத்துக்கு மேல் வாசித்திருக்கிறார். நாம் கேட்பது அவருடைய மூச்சு. எஃப்.எம்.-இல் போட்டால் காசு ராட்ஜர்ஸ் தரப்புக்கு. அதே நிலையம் அதே பதிவை இணையம் வழியாக அனுப்பினால், வாசித்தவர் தரப்புக்கும் தொகை உண்டு. ஒரே பாட்டு, ஒரே நேரம், இரண்டு சட்டம். நீங்கள் போனில் கேட்டால் வாசித்த கலைஞர் தரப்புக்கும் சில காசு போகிறது என்பது இந்தக் குழப்பத்தில் ஒரு நல்ல பக்கம்.

ஜாஸ் மெட்ராஸுக்கு வந்த வழி

நம் ஊரில் இதை யார் கேட்டிருக்கப் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 1955 ஜனவரியில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா சிற்றலையில் ஒரு ஜாஸ் நிகழ்ச்சியைத் தொடங்கியது. நடத்தியவர் வில்லிஸ் கானவர். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவருக்கும் புரியட்டும் என்று நிறுத்தி நிதானமாகப் பேசுவார். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்கள் கேட்டார்கள். ஆனால் அமெரிக்காவில் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. அந்த அரசு வானொலி உள்நாட்டு மக்களை நோக்கி ஒலிபரப்பக்கூடாது என்று 1948-இல் வந்த சட்டம் தடுத்திருந்தது. பெரிய பெரிய கோபுரங்களை வைத்து உலகத்துக்கு ஜாஸ் அனுப்பிய நாட்டில், பக்கத்துத் தெருவுக்கு அனுப்ப 100 வாட் உரிமம் வர 2000 ஆகிவிட்டது!

1958-இல் பியானோ கலைஞர் டேவ் புரூபெக் தன் குழுவோடு இந்தியா வந்தார். மெட்ராஸில் மிருதங்க வித்வான் பழனி சுப்ரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்தார்கள். நம் தாளக் கணக்கு அவர்களுக்குப் பிடிபட எவ்வளவு நேரம் ஆனதோ!

நம் ஊரில் விதி என்ன சொல்கிறது?

இங்கே இதற்குச் சமுதாய வானொலி என்று பெயர். அளவும் ஏறக்குறைய அதேதான்: 100 வாட், ஆண்டெனா உயரம் அதிகபட்சம் 30 மீட்டர். வானலைகள் பொதுச்சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பிலிருந்துதான் நம் கதை ஆரம்பிக்கிறது. 2002-இல் கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி வந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா எஃப்.எம். ஒலிக்கத் தொடங்கியது, நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி அது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. இப்போது நாடு முழுவதும் சுமார் 500 நிலையங்கள்.

தனி ஆளுக்கு உரிமம் கிடையாது. அரசியல் கட்சிக்கும் லாபம் பார்க்கும் நிறுவனத்துக்கும் கிடையாது. பதிவு செய்து குறைந்தது மூன்று வருஷம் சமுதாயப் பணி செய்த அமைப்பு, கல்வி நிறுவனம், வேளாண் அறிவியல் நிலையம் போன்றவை விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் பிராட்காஸ்ட் சேவா இணையதளத்தில். 2024 பிப்ரவரியில் விதிகளைத் திருத்தினார்கள். முதல் அனுமதி 5 வருஷத்திலிருந்து 10 வருஷமாகக் கூடியது. ஆலோசனை மற்றும் நிகழ்ச்சிக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். விளம்பரம் மணிக்கு 12 நிமிடம் வரை போடலாம்.

இதில் அமெரிக்காவுக்கும் நமக்கும் நேர்மாறான இரண்டு விஷயங்கள். அங்கே விளம்பரம் கூடாது, ஆதரவாளர் பெயரை மட்டும் சொல்லலாம். ஆனால் உள்ளூர்ச் செய்தி தாராளமாகப் போடலாம். இங்கே விளம்பரம் போடலாம், சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். எது மேல் என்று கேட்டால், உள்ளூர்ச் செய்தி வேண்டும் என்றுதான் இந்தக் கட்டுரையாளர் சொல்வார்.

சரி, இங்கே ஒரு சமுதாய வானொலி ஜாஸ் போடலாமா? ஒரு மணி நேரம் போடுவதற்குத் தடை இல்லை. நாள் முழுக்க அதையே போட முடியாது. நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதி உள்ளூர் மக்கள் பங்கேற்பில் உருவாக வேண்டும், உள்ளூர் மொழிக்கு முதலிடம் தர வேண்டும் என்பது விதி. ஆனால் ஜாஸுக்கு அங்கே இருக்கும் நிலைமை நம்மிடம் எந்த இசைக்கு இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். விடிய விடிய வாசிக்கும் நாகஸ்வரம், வில்லுப்பாட்டு, தெருக்கூத்துப் பாட்டு, பறை. மணிக்கணக்கில் நீளும் இவற்றில் எதை நீங்கள் வணிக எஃப்.எம்.-இல் முழுசாகக் கேட்டிருக்கிறீர்கள்? கலைஞர் ஊரிலேயே இருக்கிறார், பதிவு செய்ய ஒரு போன் போதும், ஒலிபரப்ப 100 வாட் இருக்கிறது. மாவட்டத்தில் சமுதாய வானொலி இருந்தால் நேரில் போய், நிகழ்ச்சி தர முடியுமா என்று கேளுங்கள். ஆள் கிடைக்காமல் பழைய பதிவையே திரும்பத் திரும்பப் போடும் நிலையங்களும் உண்டு.

உங்கள் போனில் கேட்க

போனில் எஃப்.எம். ரேடியோ என்ற செயலி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வயர் உள்ள இயர்போனைச் செருக வேண்டும். அந்த வயர்தான் ஆண்டெனா. புளூடூத் இயர்பட் மட்டும் இருந்தால் பல போன்களில் எஃப்.எம். எடுக்காது. இந்த வழியில் டேட்டா செலவே இல்லை. புயல் நேரத்தில் நெட்வொர்க் படுத்துவிட்டாலும், நிலையம் ஓடுகிற வரை கேட்கும். பல கம்பெனிகள் இந்த வசதியை எடுத்துவிட்டதால், எஃப்.எம். கேட்கும் வசதியை முடக்க வேண்டாம் என்று மத்திய அரசு 2023-இல் போன் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. புது போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதோடு, எஃப்.எம். இருக்கா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

டேவிஸ் ஜாஸைக் கேட்க இணையம் வேண்டும். கே.டி.ஆர்.டி. டேவிஸ் என்று தேடினால் நிலையத்தின் தளம் வரும், நேரலையும் உண்டு, ஒலிபரப்பான நிகழ்ச்சிகளும் உண்டு. ஒலித்தரம் 128 கே.பி.பி.எஸ். என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 58 எம்.பி. செலவாகும், 64 என்றால் அதில் பாதி. நேரம் பார்த்துத் திறக்க வேண்டும். கலிஃபோர்னியா நம்மைவிடப் பதிமூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, அங்கே கோடைக் காலத்தில் கடிகாரத்தை முன்தள்ளும்போது பன்னிரண்டரை. அங்கே இரவு 8 மணி என்றால் நமக்கு மறுநாள் காலை 9.30, கோடையில் 8.30.